ஓர் இழுப்புக்கு ஒரு குண்டு

1

இந்தக் கதை எனக்கு ஓர் இட்லித் தட்டில் கிடைத்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நடந்ததே அப்படித்தான்.

நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் கிட்டுசாமி வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். கிட்டுசாமியும் நானும் ஜெர்சி சிட்டியில் ஒரே வங்கிக்கு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவர்கள். ஒரே மேலாளரைத் திட்டித் திட்டி வளர்ந்த நட்பு. சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. பழைய குளியல் துண்டு ஒன்று விரித்திருந்தது. அதன் மேல் இட்லித் தட்டு. குழிக்கு ஒன்றிரண்டாகச் சின்னச் சின்ன இரும்புச் சாமான்கள்: ஸ்ப்ரிங், ஆணி, கொக்கி. தையல் மெஷின் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் துண்டின் மறுகோடியில் கிடந்ததைப் பார்த்தேன்.

"பயந்துக்காதீங்கண்ணா. குண்டெல்லாம் கீழ பேஸ்மெண்ட்ல தனியா பூட்டிக் கெடக்குதுங்க," என்றாள் சாரதா, கிட்டுசாமியின் மனைவி. "ரசம் மட்டும் கொதிச்சுட்டா சோறு போட்டரலாம். இந்தாங்க, அதுவரைக்கும் இதைப் பிடிங்க." என் கையில் ஒரு சின்ன டார்ச்சைக் கொடுத்தாள்.

நான் துப்பாக்கிக்கு எதிரானவன். அன்று எதிரானவன், இன்றும் எதிரானவன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி வரப்போவது பெரும்பாலும் புகழ்ச்சி. புகழ்ச்சி துப்பாக்கிக்கு அல்ல என்பதை நீங்கள் நடுநடுவே எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "சாரதா துப்பாக்கியைக் கையில் எடுத்தாள்." எழுதியவுடனே நீங்கள் யாரைச் சுடப்போகிறாள் என்று கேட்டுவிட்டீர்கள். யாரையும் சுடப்போவதில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அமெரிக்காவில் மனிதர்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம் என்பதை நாம் எல்லோரும்—" இது தொலைக்காட்சி விவாதம். நானே சேனலை மாற்றிவிடுவேன்.

மூன்றாவது: "பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் பிறந்த—" தென்னை வந்துவிட்டால் அடுத்து வாய்க்கால் வரும், வாய்க்கால் வந்தால் பம்பு செட் வரும், பம்பு செட்டிலிருந்து நான் நியூ ஜெர்சி வந்து சேர்வதற்குள் கதை முடிந்துவிடும்.

(கதையில் ஒரு துப்பாக்கியைக் காட்டினால் அது கடைசிக்குள் வெடித்தாக வேண்டும் என்று எழுதுகிறவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. என் கதையில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே அது ஒருமுறை கூடுதலாக வெடித்துவிட்டது. அதுதான் கதையே.)

ஆகவே தொடக்கம் வேண்டாம். ஆட்களைச் சொல்லிவிட்டு நேரே போகிறேன்.

3

சாரதாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மென்பொருள் சோதிக்கிற வேலை. மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிப் பிடித்துச் சொல்வது. இது கதைக்குத் தோதாக நான் கொடுத்த வேலை என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். நானும் சந்தேகப்பட்டேன். ஒரு வரைவில் அவளைப் பல் மருத்துவராக்கிப் பார்த்தேன். ஆனால் உண்மையிலேயே அவள் வேலை அதுதான். சில சமயம் நிஜம் மோசமான எழுத்தாளனைப் போல நடந்துகொள்கிறது.

கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும்போது என்.சி.சி.யில் இருந்திருக்கிறாள். முகாமில் தரையில் குப்புறப் படுத்து ரைபிள் சுட்டிருக்கிறாள். இங்கே அலுவலகத்தில் கூட வேலை செய்த ஒருத்தி ஒருநாள் சுடுதளத்துக்குக் கூட்டிப் போனாள். "அங்க நின்னா மண்டைக்குள்ள வேற எதுவும் ஓடறதில்லைங்கண்ணா. க்ரீன் கார்டு, மார்ட்கேஜ், மாமியாரு சுகர், ஒண்ணும் கெடையாது. குறி இருக்குது, நான் இருக்கேன். அவ்ளோதான்." அப்படித்தான் தொடங்கியது. போலீஸ் விசாரணை, கைரேகை எல்லாம் முடிந்து, துப்பாக்கி வாங்க அனுமதிக்கும் அட்டை வந்தது. அட்டை வந்ததும் கார்பைன் வந்தது.

கார்பைன் என்றால் குட்டை ரைபிள். ரைபிள் மாதிரி தோளில் முட்டுக்கொடுத்துச் சுட வேண்டும், ஆனால் உள்ளே போவது கைத்துப்பாக்கியின் சின்னக் குண்டு. அதற்கென்றே போட்டிகள் இருக்கின்றன. காகித அட்டைகளும் இரும்புத் தகடுகளும் நட்ட ஒரு மைதானத்தில் ஓடிக்கொண்டே சுட வேண்டும். வேகமும் வேண்டும், குறியும் தப்பக் கூடாது. சாரதா அதில் கெட்டிக்காரி.

"நாய் வளக்கலாம்னு சொன்னேன்," என்பார் கிட்டுசாமி. "முடி கொட்டும்னா. இப்ப இதை வளக்கறா. இதுக்கும் வாரா வாரம் குளிப்பாட்டணும், எண்ணெய் தேய்க்கணும்."

அவளை நான் அதிகமாகப் புகழ்ந்துவிடுவேன் என்று பயந்து, குறைகளையும் தேடிவைத்திருக்கிறேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் யாரையும் பேசவிட மாட்டாள். நான் போன அன்று பீன்ஸ் பொரியல் கருகியிருந்தது. தோற்றால் மூன்று நாளைக்கு வீட்டில் யாரோடும் சரியாகப் பேச மாட்டாளாம். இவை போதாது என்றால் நீங்களே ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

4

ரோஷினிக்குப் பதினாறு வயது. மகள். ஒரே பிள்ளை.*

(*ரோஷினி பேசுவது ஆங்கிலம். தமிழ் முழுக்கப் புரியும், திட்டினால் இன்னும் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். இங்கே அவள் பேச்சைத் தமிழாக்கியது நான். மொழிபெயர்த்ததில் அவள் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும். நீங்கள் சுட வைத்துக்கொள்ளுங்கள்.)

ரோஷினி மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் ஓர் ஒத்திகை நடந்தது. துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்ற ஒத்திகை. இந்த ஊரில் எல்லாப் பள்ளிகளிலும் நடப்பதுதான். விளக்கை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளெல்லாம் சுவரோரம் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். ரோஷினி அன்று போட்டிருந்தது, கால் பட்டால் மினுக்கும் ஷூ. கிட்டுசாமி ஆசையாக வாங்கிக் கொடுத்தது. இருட்டில் அவள் காலை அசைத்ததும் சிவப்பும் நீலமுமாக அது மின்னியிருக்கிறது. பக்கத்தில் இருந்த பிள்ளை காதில் சொன்னதாம்: "உன்னால நாம எல்லாரும் சாகப்போறோம்." ரோஷினி இரண்டு உள்ளங்கைகளாலும் ஷூக்களைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வெறுங்காலோடு வந்தாள்.

அந்தப் பெண்ணின் வீட்டில், அவள் அம்மாவின் பெயரில், ஒரு துப்பாக்கி.

ரோஷினி கத்தவில்லை. தோழிகளை வீட்டுக்குக் கூட்டி வருவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அம்மா போட்டிகளில் வென்ற கோப்பைகளை யாரோ ஒருநாள் ஹாலிலிருந்து மாடி அலமாரிக்கு மாற்றியிருந்தார்கள். யார் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் சாரதாதான் பேச்சை எடுத்தாள். "ஒரே ஒருதடவ வந்து பாரு கண்ணு. ஒரு மேட்ச். பாத்துட்டு அதுக்கப்புறமும் வேண்டாம்னு சொன்னீன்னா வித்தர்றேன். கேள்வியே கேக்க மாட்டேன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

இதை எழுத ரோஷினியிடம் அனுமதி கேட்கப் போனபோது அவள் என்னைக் கேட்டாள்: "அங்கிள், உங்க கதையில நான் வில்லியா?"

"இல்லம்மா."

"அப்ப அம்மாவா?"

"அம்மாவும் இல்ல."

"அப்புறம் கதை எங்க இருக்கு?"

அதைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

5

போட்டி ஜெர்சியின் வடமேற்கு மூலையில், மலையடிவாரத்தில் ஒரு கிளப்பில் நடந்தது. அக்டோபர். மரங்களெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக—

(இலைகளை விட்டுவிடுகிறேன். இங்கே வந்த ஒவ்வொரு தமிழ் எழுத்தாளனும் இலைகளை எழுதியாகிவிட்டது.)

குளிர். ரோஷினி காதுக்கு மூடியும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கயிற்றுக்குப் பின்னால், கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டபடி நின்றாள். முதல் சுற்றில் முகம் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் சுற்றில் பார்த்தாள். அம்மா ஓடுவதை அதற்கு முன் அவள் பார்த்ததே இல்லை. ஷாப்ரைட் கடையில்கூட வண்டியைத் தள்ளிக்கொண்டு நிதானமாக நடக்கிற அம்மா, இங்கே குனிந்து, திரும்பி, தடுப்புக்கு இந்தப் பக்கம் எட்டிச் சுட்டுவிட்டு அந்தப் பக்கம் பாய்ந்தாள். கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்று வந்தபோது கார்பைன் பிரிவில் சாரதாதான் முன்னால் இருந்தாள்.

அந்தச் சுற்றில் ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு குண்டு பட வேண்டும். சாரதா முதல் அட்டையைச் சுட்டாள். டப், டப். இரண்டாவது. டப், டப். மூன்றாவது அட்டைக்குத் திரும்பி விசையை ஒருமுறை இழுத்தாள்.

டடப்.

அட்டையில் இரண்டு ஓட்டைகள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. பின்னால் யாரோ விசிலடித்தார்கள். அவ்வளவு வேகமாக, அவ்வளவு நெருக்கமாக இரண்டு குண்டு வைக்கிற விரல் சாமானியமானதல்ல.

சாரதாவுக்கு மட்டும் தெரியும், அவள் விரல் ஒருமுறைதான் அசைந்தது.

இங்கே நான் அந்த நொடிக்குள் நுழைந்து இரண்டு பக்கம் எழுத ஆசைப்பட்டேன். மனப்போராட்டம், மின்னல் வேகத்தில் எண்ணங்கள். சாரதாவிடம் கேட்டேன், அப்போது என்ன தோன்றியது என்று. "ஒண்ணும் தோணலீங்க," என்றாள். "வெரல வெளிய எடுத்தேன். குழல குண்டு தாங்கற மண்மேட்டுப் பக்கம் வச்சுட்டேன். அதெல்லாம் தானா நடந்துரும். நெனப்பு அப்புறந்தான் வந்துச்சு." ஆகவே இரண்டு பக்கமும் போயிற்று.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சாரதா அசையாமல் நின்றாள். போட்டி அதிகாரி டக், தாடி வைத்த பருமனான மனிதர், பக்கத்தில் வந்தார்.

"என்ன ஆச்சு? மாட்டிக்கொண்டதா?"

"இல்லை. ஒரு இழுப்பில் இரண்டு போய்விட்டது."

டக் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவருக்கு அவளைப் பிடிக்கும். "எனக்கு அப்படித் தெரியவில்லையே. நீ நன்றாகச் சுட்டாய் என்றுதான் நினைத்தேன். சில நேரம் விரல் நமக்குத் தெரியாமலே வேலை செய்துவிடும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நிச்சயமாகச் சொல்கிறாயா?"

அவர் ஒரு கதவைத் திறந்து வைத்தார். கெட்ட எண்ணத்தில் அல்ல. அவள் அதற்குள் நுழைந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இன்னும் ஒரே சுற்று. அதில் சும்மா நடந்து முடித்திருந்தாலும் கோப்பை அவளுக்கு. நினைப்பு இப்போதுதான் வந்தது. அவள் அதை ஒளிக்காமல் என்னிடம் சொன்னாள்: வந்தது, ஒரு சுற்று சுற்றியது, பிறகு கயிற்றுக்குப் பின்னால் நின்ற ரோஷினியின் மேல் கண் போனது.

"நான் ஒருமுறைதான் இழுத்தேன்," என்றாள் சாரதா.

குண்டுகளை வெளியே எடுத்தாள். துப்பாக்கிக்குள் குண்டு உட்காரும் அறை காலி என்று டக்குக்குக் காட்டினாள். கேட்டதற்கு மேல் சுடுகிற துப்பாக்கி ஆபத்தானது, போட்டியில் இருக்கக் கூடாது. விதி அவ்வளவுதான். அவளோடு சுட்டுக்கொண்டிருந்த ஒருவர் தன் கார்பைனை நீட்டி, "இதை வைத்து முடித்துவிடு," என்றார். மனம் குறியில் இல்லாதபோது அடுத்தவர் துப்பாக்கியை வாங்கக் கூடாது என்று சாரதா நன்றி சொல்லி மறுத்துவிட்டாள்.

6

இருவரும் காரில் கிளம்பினார்கள். நெடுஞ்சாலை ஏறிய பிறகு ரோஷினி கேட்டாள்.

"ஏன் நிறுத்தின? ஜாம் ஆயிடுச்சா?"

வாசகரே, இங்கேதான் நான் நெடுநேரம் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சுடுதளத்தில் உண்மையைச் சொல்வதற்குப் பயிற்சி இருந்தது, விதி இருந்தது. இங்கே எதுவும் இல்லை. "ஆமா கண்ணு, ஜாம் ஆயிருச்சு," என்ற சின்னச் சொல்லில் விஷயம் அதோடு முடிந்துபோயிருக்கும். அம்மா ஓடியதை ரோஷினி வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி மனம் இளகியிருந்தது. அந்தப் பாதியைச் சாரதா கண்ணால் பார்த்திருந்தாள்.

ஒரு வரைவில் அவளைப் பொய் சொல்ல வைத்துப் பார்த்தேன். மனுஷத்தனமாக இருந்தது. எல்லா அம்மாக்களும் சொல்கிற அளவு பொய்தான். ஆனால் நடந்தது அதுவல்ல.

"ஜாம் இல்ல. நான் ஒரு தடவ அமுக்குனதுக்கு அது ரெண்டு தடவ சுட்டுருச்சு."

"நீ சொல்லாமலே?"

"நான் சொல்லாமலே."

ரோஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இதுக்குத்தான் நான் பயந்தேன். சரியா இதுக்குத்தான்," என்றாள்.

"தெரியுது."

"யாரும் கவனிக்கல, இல்ல? யாரோ விசில்கூட அடிச்சாங்க."

"ஆமா."

"வித்துடு, அம்மா."

"சரி கண்ணு," என்றாள் சாரதா. கேள்வி கேட்கவில்லை. சொன்ன சொல் அது. வீடு வந்து சேரும்வரை வைப்பர் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மழைகூட இல்லை, அணைக்க மறந்திருந்தாள்.

7

நான் சாப்பிடப் போனது அதற்கடுத்த ஞாயிறு.

விற்கப்போகிற சாமானை எதற்கு இவ்வளவு சிரத்தையாகக் கழற்றிப் போட்டிருக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாரதா ஒரு குழியிலிருந்து நகத்தளவு இரும்பு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள்.

"இதுதானுங்கண்ணா ஆளு. ஒரு குண்டு போனதும் உள்ள சுத்தியல் பின்னால வருமுங்க. நம்ம வெரலு அப்பவும் விசைலயே இருக்கும். அந்த நேரத்துல இந்தக் கொக்கி சுத்தியலப் பிடிச்சு வச்சுக்கணும். வெரல விட்டு மறுபடி இழுத்தாத்தான் அது விடணும். இங்க பாருங்க முனைய."

பார்த்தேன். தேய்ந்த தேங்காய்த் துருவியின் பல்லைப் போல வழுவழுவென்று மழுங்கியிருந்தது. புதுசைப் பக்கத்தில் வைத்தாள். அதன் விளிம்பு கத்தியாய் நின்றது.

"பிடி வழுக்கிருச்சுங்க. அவ்ளோதான் விஷயம்."

"அப்ப இந்தக் கொக்கிய மாத்தினா முடிஞ்சதா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், என் கேள்வி அவள் பொரியலைவிடக் கருகிப்போனது. "புதுக் கொக்கியப் பழைய சுத்தியல்ல மாட்டுனா ஒண்ண ஒண்ணு தின்னுருமுங்க. ரெண்டும் சேந்து தேஞ்சது, சேந்துதான் மாத்தணும். விசை, கொக்கி, சுத்தியல், அதுக்குண்டான ஸ்ப்ரிங் எல்லாமே. ஆனா நோவு அங்க இல்லீங்க." துண்டின் ஓரத்திலிருந்து ஒரு நீள ஸ்ப்ரிங்கை எடுத்தாள். புதிய ஸ்ப்ரிங்குக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினாள். பழையது ஒரு விரற்கடை குட்டையாக இருந்தது. "ஒவ்வொரு தடவயும் உள்ள இருக்கற அந்தக் கனத்த இரும்பு பின்னால போயி மோதும். அந்த வேகத்த வாங்கிக்கறது இது. இது களைச்சுப் போச்சு. பின்னாடி மோதல் தாங்கற பஃபர்ல ரப்பரும் நசுங்கிப் போச்சு. அடி பூரா சுத்தியலுக்குப் போயிருச்சு. இதை ரெண்டு வருசம் முன்னாலயே மாத்தியிருக்கோணும். ஓடுதே, ஓடட்டும்னு விட்டுட்டேன். அடுத்தவன் எழுதுன ப்ரோக்ராம்ல இப்படி இருந்தா அவன உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேன்."

பேசிக்கொண்டே கைகள் வேலை செய்தன. அந்தக் கைகளைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. கட்டைவிரலால் ஸ்ப்ரிங்கை அமுக்கிப் பிடித்து, அது எங்கே பாய நினைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து, அந்தத் திசையை உள்ளங்கையால் மறித்துக்கொண்டு, மறுகையால் ஆணியை உள்ளே நகர்த்தினாள். அவசரம் இல்லை. பலமும் இல்லை. ஆணி மறுத்தால் தட்டவில்லை. வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தாள். ஒவ்வொரு துண்டும் போய் உட்கார்ந்த பிறகு ஒரு நொடி அதன்மேல் விரலை வைத்திருந்தாள், குழந்தை தூங்கிவிட்டதா என்று பார்க்கிற மாதிரி.

(இந்த உவமையை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். துப்பாக்கிக்குக் குழந்தையை உவமை சொல்வது சரியில்லை. ஆனால் விரல் அப்படித்தான் இருந்தது. வைத்துவிட்டு, அதன் மேல் கோபித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை தருகிறேன்.)

மாடிப்படியில் ரோஷினி உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "விக்கப்போறதுக்கு ஏன் புதுசெல்லாம் போடற?"

சாரதா நிமிரவில்லை. "வாங்கறவங்க வீட்டுல யாரு இருப்பாங்களோ."

"உடைஞ்சதுன்னு சொல்லிக் கொடுக்கலாமே. இல்ல, வெட்டிப் போடச் சொல்லிப் போலீஸ்ல கொடுக்கலாமே."

கிட்டுசாமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். இது நல்ல கேள்வி என்று எனக்கும் பட்டது. சாரதாவுக்கும் பட்டது போலிருக்கிறது. கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"கொடுக்கலாம். நீ அப்படித்தான் வேணும்னா அப்படியே பண்ணிக்கலாம். ஆனா கெட்டுப்போனத நான் சரி பண்ணிட்டுத்தான் கொடுப்பேன் கண்ணு. கெட்டுப்போனது எங்கிட்ட இருக்கையில. நான் பாக்காம விட்டதுனால." பிறகு சற்றுத் தயங்கி, "என்னால அத அப்படியே விட்டுட்டுப் போக முடியல. அதுக்குமேல எனக்குச் சொல்லத் தெரியல."

யாரையும் பேசவிடாத சாரதா சொல்லத் தெரியவில்லை என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்து, குண்டில்லாமல் சோதித்தாள். விசையை இழுத்தாள்: டிக். விரலை எடுக்காமலே, உள்ளே இருக்கும் கனத்த இரும்பை மறுகையால் பின்னால் இழுத்து விட்டாள். சுத்தியல் விழவில்லை. விரலை மெதுவாகத் தளர்த்தினாள்: கொக்கி விட்டு விசை பிடித்துக்கொள்கிற சின்னச் சத்தம். திரும்பவும். திரும்பவும். படியில் உட்கார்ந்திருந்தவள் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அலைபேசியில் எதையோ தேடிப் படித்துக்கொண்டும் இருந்தாள்.

"நிஜமா சுட்டுப் பாக்கும்போது முதல்ல ரெண்டே ரெண்டு குண்டுதான் போடணும், தெரியும்ல?" என்றாள் திடீரென்று. "சரியாகாம இருந்தா ஒண்ணுதான் அதிகமா போகும். அதான் சேஃப்."

"ஆமா," என்றாள் சாரதா.

"நானும் வரேன். பிடிச்சுப்போய் இல்ல. அது நிக்குதான்னு என் கண்ணால பாக்கணும்."

பிறகு ரசம் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது.

8

முடிவுகள்.

அ. மகள் மனம் மாறுகிறாள். அம்மாவின் கைகளைப் பார்த்து, நேர்மையைப் பார்த்து, கண் கலங்கி, "வைத்துக்கொள்" என்கிறாள். இதை எழுதினேன். மூடிய கதவுக்குப் பின்னால் ஷூவைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த குழந்தையின் முகத்தில் என்னால் விழிக்க முடியவில்லை. கிழித்தேன்.

ஆ. மகள் மாறவில்லை, அம்மா விற்கிறாள், பிறகு கிளப் பக்கமே போவதில்லை, வார இறுதிகளில் சும்மா உட்கார்ந்து— இது சாரதாவைத் தண்டிக்கிற முடிவு. அவள் என்ன குற்றம் செய்தாள்?

இ. நடந்தது. எனக்குத் தெரிந்தவரை.

இருவரும் சுடுதளத்துக்குப் போனார்கள். முதலில் இரண்டே குண்டு. ஓர் இழுப்புக்கு ஒன்று, அடுத்த இழுப்புக்கு அடுத்தது. பிறகு அதிகம். சாரதா நிறுத்தி நிறுத்திச் சுட்டாள், வேகமாகவும் சுட்டாள். கார்பைன் சொன்னதை மட்டும் கேட்டது. ரோஷினி சுடவில்லை. சுட்டுப் பார்க்கிறாயா என்று சாரதா கேட்கவும் இல்லை. அதற்காகவும் அவளை எனக்குப் பிடிக்கும்.

அங்கிருந்து நேரே, பூட்டிய பெட்டியோடு, உரிமம் பெற்ற ஒரு கடைக்குப் போனார்கள். இந்த மாநிலத்தில் துப்பாக்கி கை மாறுவதென்றால் அப்படி ஒரு கடை வழியாகத்தான். கடையில் இருந்தவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி. பெட்டியைத் திறந்து, கார்பைனை எடுத்து, காலியாக இருக்கிறதா என்று பார்த்து, எடை பார்ப்பவர் போலக் கையில் வைத்துக்கொண்டார்.

"சுத்தமாக வைத்திருக்கிறாய். இதில் ஏதாவது கோளாறு உண்டா?"

சாரதா வாயைத் திறந்தாள். அதற்குள் ரோஷினி பேசினாள்.

"இருந்தது. ஒரு இழுப்புக்கு இரண்டு சுட்டது. டிஸ்கனெக்டர் கொக்கி தேய்ந்துபோயிருந்தது. ஆனால் உண்மையான காரணம் வேகத்தை வாங்கிக்கொள்கிற ரீகாயில் ஸ்ப்ரிங்கும் பஃபரும். அம்மா எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். ஹாமர், ட்ரிகர், ஸ்ப்ரிங்குகள் எல்லாம் சேர்த்து. பாதி மட்டும் மாற்றினால் மறுபடி தேயும். இன்று காலை சுட்டுப் பார்த்தோம். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒருமுறைகூடத் தப்பவில்லை. அது தப்பியபோதுகூட வேறு யாருக்கும் தெரியாது. அம்மாவே சொல்லித்தான் தெரியும்."

ஒரே மூச்சில் சொன்னாள். அம்மாவைப் போலவே, இடையில் யாரையும் பேசவிடாமல்.

கடைக்காரப் பெண்மணி மகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கார்பைனைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். மூடவில்லை.

"இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் விற்க வருவதை நான் அதிகம் கண்டதில்லை," என்றார். "நிச்சயமாகக் கொடுக்கத்தான் போகிறீர்களா?"

பதில் சொல்கிற உரிமை தன்னுடையதல்ல என்று சாரதா நினைத்தாள். மகளைப் பார்த்தாள். ரோஷினியும் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்; முதல்முறையாக, அந்த உரிமை தனக்கு வேண்டாம் என்பதுபோல.

இதுவரைதான் சாரதா எனக்குச் சொன்னாள். "அப்புறம்?" என்று நான் கேட்டதற்கு, "அது எங்க ரெண்டு பேருக்குள்ள பேசினதுங்கண்ணா," என்று சிரித்துவிட்டாள். கிட்டுசாமியிடம் கேட்டால் சொல்லிவிடுவார். அலுவலகத்தில் எதிர் நாற்காலிதான். நான் கேட்கவில்லை.

அந்தப் பெண்மணி காத்திருக்கிறார். பெட்டி திறந்திருக்கிறது. நான் வெளியே வாகன நிறுத்தத்தில் நின்றுகொள்கிறேன். நீங்கள் உள்ளே போங்கள். போய், ஒன்றும் சொல்லாமல், அந்த இருவரில் யார் முதலில் வாய் திறக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.